பூட்லோடரின் அமைவு வழு: எழுதும் நிரலும் படிக்கும் நிரலும்

லினக்ஸ் இயங்கும் கணினியில் பூட்லோடரில், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலை ஏற்றித் துவக்கும் நிரலில், கோளாறு வந்தால், பெரும்பாலோர் முதலில் அமைவுக் கோப்பைத் திறந்து தவறான வரியைத் தேடுவார்கள். அது இயல்பான முயற்சிதான். ஆனால் கிரப் பூட்லோடரைப் பொறுத்தவரை, இலக்கணப் பிழை எதுவும் இல்லாத, வட்டுப் பகுதிகளைக் குறிக்கும் யுயுஐடி அடையாளங்களைச் சரியாகக் கொண்ட, உருவாக்கியபோது எந்த எச்சரிக்கையும் தராத ஒரு கோப்பே கணினியைத் துவங்கவிடாமல் தடுக்கக்கூடும். 2022இல் ஏராளமானோரைப் பாதித்த ஒரு கோளாறு அப்படிப்பட்டது. 2020இல் வந்த மற்றொன்றிலும் அமைவுக் கோப்பில் பிழை எதுவும் இல்லை. அவற்றின் மூலத்தைப் பின்தொடர்ந்து சென்றால், எந்த வரி தவறு என்று கேட்பதற்கு முன்னால், அந்த வரியை எழுதிய நிரல் எது, படித்த நிரல் எது, அவை இரண்டும் ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று கேட்க வேண்டியிருப்பது விளங்கும்.

இந்தக் கேள்வி எழுவதற்கான காரணம் கிரப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. 1990களில் பரவலாக இருந்த லிலோ பூட்லோடருக்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் கிடக்கிறது என்ற வரைபடத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, துவக்கத்தின்போது அந்த எண்களை மட்டுமே அது பின்பற்றியது. கெர்னலை மாற்றிய ஒவ்வொரு முறையும் லிலோ கட்டளையை மறுபடியும் இயக்க வேண்டும். மறந்தால் அடுத்த துவக்கமே நின்றுபோகும். கிரப் இந்தத் தொல்லையை ஒழித்தது. அது எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளைத் தானே படிக்கும். அமைவுக் கோப்பை ஒவ்வொரு துவக்கத்தின்போதும் புதிதாகத் திறந்து பார்க்கும். ஆகவே, அமைவை மாற்றினால் போதும், பூட்லோடரை மறுபடி நிறுவத் தேவையில்லை என்ற எண்ணம் பயனர்களிடையே ஊன்றிவிட்டது. அமைவுக் கோப்பைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியானது. அந்தக் கோப்பைப் படிக்கும் நிரலுக்கு அது பொருந்தாது. படிக்கும் நிரல், கடைசியாக கிரப்-இன்ஸ்டால் கட்டளை இயங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வட்டில் உறைந்து நிற்கிறது.

அந்த நிரல் எங்கே இருக்கிறது என்பதையும் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். பயாஸ் என்ற பழைய முறையில் துவங்கும் கணினியில், வட்டின் முதல் 512 பைட்டுகளில் கிரப்பின் முதற்கட்டத் துணுக்கு இருக்கும். அதிலும் 446 பைட்டுகளுக்கு மேல் நிரலுக்கு இடமில்லை. பார்ட்டிஷன் (வட்டின் பிரிவு) அட்டவணைக்கு 64 பைட்டுகளும் முடிவு அடையாளத்துக்கு 2 பைட்டுகளும் போய்விடும். அந்தத் துணுக்கு, அதற்கு அடுத்த இடைவெளியில் எழுதப்பட்டிருக்கும் கோர் என்ற உருவை ஏற்றுகிறது. வட்டையும் கோப்பு முறைமையையும் படிக்கத் தேவையான சில மாட்யூல்களும் (தனித்தனியே ஏற்றக்கூடிய நிரல் துண்டுகள்), மீதி மாட்யூல்கள் எங்கே கிடைக்கும் என்று சொல்லும் ப்ரிஃபிக்ஸ் என்ற பாதையும் அந்த உருவுக்குள்ளேயே பதிந்திருக்கும். மெனுவைக் காட்டுவது, அமைவுக் கோப்பை வாசிப்பது போன்ற வேலைகள் எல்லாம் பூட் அடைவில் தனிக் கோப்பாக இருக்கும் நார்மல் என்ற மாட்யூலுக்கு உரியவை. யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலோ கோர் உருவின் இடத்தில், இஎஸ்பி எனப்படும் ஃபேட் வடிவப் பார்ட்டிஷனில் ஓர் இஎஃப்ஐ கோப்பு இருக்கும். எதை ஏற்றுவது என்பதை ஃபர்ம்வேர் (தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) தன் நினைவகத்தில் வைத்திருக்கும் துவக்க வரிசை தீர்மானிக்கும்.

அமைவுக் கோப்பு கையால் எழுதப்படுவதில்லை என்பது அடுத்த செய்தி. இடிசி அடைவில் உள்ள கிரப்.டி கோப்புறையின் ஸ்கிரிப்ட்களை (கட்டளைகள் அடங்கிய கோப்புகளை) எண் வரிசைப்படி இயக்கி, அவை வெளியிடும் உரையைத் தொகுத்து, கிரப்-எம்கேகான்ஃபிக் என்ற கட்டளை கிரப்.சிஎஃப்ஜி கோப்பை உண்டாக்குகிறது. இப்படிப் பிறக்கும் கோப்பு, அமைவுக் கோப்பு என்று அழைக்கப்பட்டாலும் உண்மையில் ஒரு நிரல்தான்; அதில் நிபந்தனைகள் உண்டு, மாறிகள் உண்டு, செயற்கூறுகள் உண்டு. அந்த நிரலை எழுதுவது இயங்குதளத்தில் இன்று நிறுவப்பட்டிருக்கும் கிரப் தொகுப்பு. அதை இயக்குவது, என்றோ வட்டில் பதித்த கிரப். இடைவெளி பிறக்கும் இடம் இதுதான்.

2022 ஆகஸ்ட் இறுதியில் ஆர்ச் லினக்ஸ் என்ற லினக்ஸ் வழங்கலிலும் அதை அடிப்படையாகக் கொண்ட மற்ற வழங்கல்களிலும் நேர்ந்ததை இப்போது அருகில் சென்று பார்க்கலாம். வழக்கமான மேம்படுத்தலுக்குப் பின் கணினியை மறுபடி இயக்கினால், கிரப் மெனு வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. நேராக ஃபர்ம்வேரின் அமைப்புத் திரை வந்து நின்றது. அதிலிருந்து வெளியேறினால் மறுபடியும் அதே திரை. பார்ப்பவருக்கு இது பூட்லோடர் கோளாறாகவே தோன்றாது. துவக்க வரிசை அழிந்துவிட்டதோ, வட்டு செயலிழந்துவிட்டதோ, தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்றுதான் சந்தேகம் போகும். அறிகுறி ஓரிடத்திலும் காரணம் வேறோர் இடத்திலும் இருக்கும் வழுக்களில் இதைவிடத் தெளிவான உதாரணத்தைக் காண்பது அரிது.

முதல் தடயம், அமைவுக் கோப்பைப் பெயர் மாற்றி ஒதுக்கி வைத்தபோது கிடைக்கக்கூடியது. யுஎஸ்பியிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் துவக்கி, கிரப்.சிஎஃப்ஜி கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி இயக்கினால், ஃபர்ம்வேர் திரைக்குப் பதிலாக கிரப்பின் கட்டளை வரி வந்துவிடும். அதாவது ஃபர்ம்வேர் கிரப்பைச் சரியாகவே கண்டுபிடித்து ஏற்றுகிறது. கிரப்பும் நலமாகத்தான் இயங்குகிறது. அமைவுக் கோப்பைப் படிக்கும்போதுதான் ஏதோ நடக்கிறது. வட்டு, பேட்டரி, துவக்க வரிசை ஆகிய மூன்று சந்தேகங்களும் இந்த ஒரே சோதனையில் விலகிவிடுகின்றன.

கோப்பின் எந்தப் பகுதி என்பதையும் பகுதி பகுதியாக நீக்கிப் பார்த்து அறியலாம். முப்பது என்ற எண்ணுடன் தொடங்கும் யுஇஎஃப்ஐ-ஃபர்ம்வேர் ஸ்கிரிப்ட் வெளியிட்ட சில வரிகளை நீக்கியதும் மெனு வந்துவிடுகிறது. மெனுவின் கடைசியில் ஃபர்ம்வேர் அமைப்புக்குச் செல்லும் ஒரு தேர்வைச் சேர்ப்பதே அந்த வரிகளின் வேலை. எஃப்டபிள்யூசெட்டப் என்பது அதற்கான கிரப் கட்டளை: அடுத்த முறை ஃபர்ம்வேர் அமைப்பில் நில் என்ற குறிப்பை ஃபர்ம்வேரின் மாறி ஒன்றில் எழுதிவிட்டுக் கணினியை மறுதுவக்கம் செய்யும். மெனுத் தேர்வின் அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் கட்டளைகள், பயனர் அந்தத் தேர்வை அழுத்தினால் மட்டுமே இயங்கும். வெளியே இருப்பவை, கோப்பு வாசிக்கப்படும்போதே, மெனு திரைக்கு வரும் முன்னரே இயங்கிவிடும். புதிய கோப்பில் எஃப்டபிள்யூசெட்டப் இரண்டு இடங்களில் இருந்தது. அடைப்புக்குறிகளுக்குள் ஒன்று வழக்கம்போல. இன்னொன்று அவற்றுக்கு வெளியே, இஸ்-சப்போர்ட்டட் என்ற தெரிவுடன், அதாவது கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் கூடுதல் குறிப்புடன்.

அந்தத் தெரிவைச் சேர்த்தவர்களின் நோக்கம் நியாயமானது. முன்பெல்லாம், இந்த வசதியை ஃபர்ம்வேர் ஆதரிக்கிறதா என்ற சோதனை, அமைவுக் கோப்பை உருவாக்கும் நேரத்தில், இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸின் வழியாக நடந்தது. கோப்பு ஒரு சூழலில் உருவாகி வேறொரு சூழலில் படிக்கப்பட்டால் அந்த விடை பொய்த்துப்போகும். ஆகவே 2.06 வெளியீட்டுக்குப் பின் மூலநிரலில் சேர்ந்த மாற்றங்களில், சோதனையைத் துவக்க நேரத்துக்கு நகர்த்தினார்கள்: ஆதரவு உண்டா என்று கிரப்பையே கேட்டு, உண்டு என்ற விடை வந்தால் மட்டும் மெனுவில் சேர்ப்பது. புதிய கிரப்பில் அந்தத் தெரிவு வெறும் கேள்வி. பழைய கிரப்பிலோ எஃப்டபிள்யூசெட்டப் கட்டளைக்குத் தெரிவு என்று எதுவுமே கிடையாது. பின்னால் என்ன எழுதியிருந்தாலும் அது கண்டுகொள்ளாமல் தன் ஒரே வேலையைச் செய்துவிடும். கேள்வியாக எழுதப்பட்ட வரி, பழைய நிரலின் கையில் ஆணையாக மாறியது. பழைய கிரப்பின் கட்டளை வரியில் அதே கட்டளையைத் தெரிவுடன் தட்டினால் கணினி உடனே மறுதுவக்கமாகி ஃபர்ம்வேர் திரைக்குப் போவதை யாரும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த விரும்புகிறேன். அந்த வரிகளை நீக்கியதும் கணினி துவங்குகிறது என்பதால், வழுவின் காரணம் அந்த வரிகள்தான் என்று பலர் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். அது தூண்டுதல் மட்டுமே. அடுத்த முறை கோப்பு உருவாகும்போது அதே வரிகள் திரும்ப வரும். இஎஸ்பி பார்ட்டிஷனில் உள்ள இஎஃப்ஐ கோப்பின் தேதியையும் கிரப்.சிஎஃப்ஜியின் தேதியையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் மூலம் புலப்படும்: ஒன்று இயங்குதளத்தை முதன்முதலில் நிறுவிய நாளில் எழுதியது, மற்றொன்று நேற்றைய மேம்படுத்தலில் உருவானது. ஆர்ச் தொகுப்பு மேம்படுத்தல் கிரப்-இன்ஸ்டாலைத் தானாக இயக்குவதில்லை. ஆனால் அமைவுக் கோப்பைத் தானாக மறுபடி உருவாக்கும் ஏற்பாடு சிலரிடம் இருந்தது. சிலர் வழக்கப்படி கையால் உருவாக்கினார்கள். எழுதும் நிரல் புதிதாகியது, படிக்கும் நிரல் பழையதாகவே நின்றது. கிரப்-இன்ஸ்டாலை இயக்கிப் படிக்கும் நிரலையும் புதுப்பித்த பின், அந்த வரிகள் இருந்தபடியே கணினி சரியாகத் துவங்கியது. எந்த வரியையும் நீக்காமல் கோளாறு மறைவதே, காரணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்பதற்கான சான்று.

இனி, முன்னர் சொன்ன 2020ஆம் ஆண்டுக் கோளாறு. அந்த ஆண்டு ஜூலை 29 அன்று பூட்ஹோல் என்ற பாதுகாப்புக் குறைபாடு அறிவிக்கப்பட்டது. கிரப்.சிஎஃப்ஜியை வாசிக்கும் பகுதியில் இருந்த நினைவக வழிவு அது. அதற்கான திருத்தங்கள் வெளியானதும் பயாஸ் முறையில் துவங்கும் டெபியன், உபுண்டு கணினிகள் சில, கிரப்_காலாக் என்ற குறியீடு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு மீட்பு வரியில் (கிரப்பின் மிகச் சில கட்டளைகளே கிடைக்கும் கட்டளை வரியில்) நின்றுவிட்டன. நினைவகத்தைப் பாதுகாப்பாக ஒதுக்குவதற்காகத் திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்த செயற்கூறு அது. புதிய மாட்யூல்கள் அதை எதிர்பார்த்தன. பழைய கோர் உருவில் அது இல்லை.

டெபியனில் தொகுப்பு மேம்படும்போது கிரப்-இன்ஸ்டால் தானாகவே இயங்கும் என்பதால், இது எப்படி நடக்க முடியும் என்ற கேள்வி எழுகிறது. விடை, எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று டெப்கான்ஃப் என்ற பதிவகத்தில் என்றோ குறித்துவைத்த ஒரு விடையில் இருக்கிறது. இடையில் வட்டை மாற்றியிருந்தாலோ, இரண்டு வட்டுகளில் இன்னொன்றிலிருந்து துவங்கும்படி அமைத்திருந்தாலோ, நிறுவல் தவறான வட்டுக்குப் போகும். பூட் அடைவில் உள்ள மாட்யூல்கள் மட்டும் புதியவையாகிவிடும். அதுவரை ஆண்டுக்கணக்கில் கோளாறு தெரியாததற்குக் காரணம், பழைய கோர் உருவும் புதிய மாட்யூல்களும் தற்செயலாக ஒத்துப்போய்க்கொண்டிருந்ததுதான். மேம்படுத்தலைக் குற்றம் சொன்னவர்கள் அநேகர். உண்மையில் அது, முன்பே நேர்ந்துவிட்ட ஒரு பிசகை வெளிக்கொணர்ந்தது.

இந்தக் கோளாறில் திரையே நிறையச் சொல்லிவிடுகிறது. கிரப்பின் பெயரோடு ரெஸ்க்யூ என்ற சொல்லும் சேர்ந்து வரும் வரி, நார்மல் மாட்யூல் ஏறவில்லை என்பதைக் காட்டும். அங்கே சில கட்டளைகள் மட்டுமே கிடைக்கும். கிரப் என்று மட்டும் வரும் வரி, மாட்யூல் ஏறிவிட்டது, ஆனால் அமைவுக் கோப்பு கிடைக்கவில்லை அல்லது அதைக் கொண்டு மெனு அமைக்க முடியவில்லை என்பதைக் காட்டும். மீட்பு வரியில் செட் கட்டளையைக் கொடுத்தால் ப்ரிஃபிக்ஸ் எந்த வட்டைச் சுட்டுகிறது என்பது தெரியும். சாதனம் கிடைக்கவில்லை என்றோ, அறியாத கோப்பு முறைமை என்றோ செய்தி வந்தால், பாதை தவறியிருக்க வேண்டும், அல்லது கோப்பு முறைமை கிரப்புக்குப் புரியாத புதிய அம்சம் ஒன்றோடு உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். பிந்தையதும் நடந்ததுண்டு: கோப்பு முறைமையை உருவாக்கும் கருவித்தொகுப்பான இ2எஃப்எஸ்ப்ராக்ஸின் 2023 தொடக்கத்தில் வந்த 1.47.0 பதிப்பு, எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் இயல்பாகவே இயக்கிய ஓர் அம்சத்தை கிரப் 2.06 அறியாது. ஆனால் குறியீடு கிடைக்கவில்லை என்ற செய்திக்குப் பொருளே வேறு. வட்டும் பாதையும் கோப்பும் சரி, மாட்யூலைத் திறந்து படித்தாகிவிட்டது, இணைக்கும்போதுதான் முடியவில்லை. இந்தச் செய்தியைக் கண்டதும் பார்ட்டிஷன்களை ஆராயத் தொடங்குவது வீண் அலைச்சல்.

கணினி துவங்குகிறது, ஆனால் மாற்றிய அமைவு மட்டும் எடுபடவில்லை என்ற வகை வழுக்களிலும் இதே இடைவெளிதான், வேறு வடிவில். இங்கே தேடலைக் கடைசி முனையிலிருந்து தொடங்குவது நல்லது. கெர்னலுக்கு உண்மையில் வந்து சேர்ந்த வரியை ப்ராக் அடைவில் உள்ள சிஎம்டிலைன் கோப்பு காட்டும். அங்கே இல்லாத ஒன்று கிரப்.சிஎஃப்ஜியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், கிரப் வேறொரு கோப்பைப் படிக்கிறது. ஒரே கணினியில் இரண்டு லினக்ஸ் வழங்கல்கள் இருந்து, ஒன்றின் அமைவைத் திருத்திக்கொண்டிருக்கும்போது மற்றொன்றின் இஎஃப்ஐ கோப்பு துவக்கத்தைக் கையில் வைத்திருப்பது சாதாரணம். இப்போதைய துவக்கம் எந்தப் பதிவின் வழியே நடந்தது என்று சொல்லும், இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை காட்டும் பூட்கரண்ட் மதிப்பு இதைத் தீர்த்துவைக்கும். இஎஸ்பியில் உள்ள சிறிய கிரப்.சிஎஃப்ஜி, உண்மையான கோப்பைச் சுட்டுவதற்கு மட்டுமே உள்ளது என்பதை அறியாமல் அதன்மேல் முழு அமைவையும் எழுதிவிட்டால், அதன் பின் பூட் அடைவில் செய்யும் திருத்தங்கள் யாராலும் படிக்கப்படாது.

கிரப்.சிஎஃப்ஜியிலும் இல்லையென்றால், கோளாறு உருவாக்கும் கட்டத்தில். இடிசி அடைவின் டீஃபால்ட் கோப்புறையில் உள்ள கிரப் கோப்பு ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகவே வாசிக்கப்படுகிறது. சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி விட்டாலே அது மாறியாகாமல் கட்டளையாகி, உருவாக்கம் பாதியில் நிற்கும், பழைய கிரப்.சிஎஃப்ஜி அப்படியே இருக்கும். உருவாக்கம் முதலில் நியூ என்ற பின்னொட்டுடைய தற்காலிகக் கோப்பில் நடந்து, இலக்கணச் சோதனையில் தேறிய பிறகே இடம் மாறும் என்பதால், அந்தத் தற்காலிகக் கோப்பு பூட் அடைவில் எஞ்சிக் கிடப்பது நல்ல தடயம். டெபியன் வழி வந்த இயங்குதளங்களில் இன்னொன்றும் உண்டு. டீஃபால்ட் கோப்புறைக்குள் கிரப்.டி என்றே பெயருடைய மற்றொரு கோப்புறை இருக்கிறது. அதில் உள்ள கோப்புகள் பின்னால் வாசிக்கப்பட்டு, முன்னால் சொன்னதை மேலெழுதிவிடும். கிளவுட் சேவைகளுக்கென உபுண்டு தரும் ஆயத்த உருக்களில் காத்திருப்பு நேரத்தையும் கெர்னல் தெரிவுகளையும் நிர்ணயிக்கும் கோப்பு அங்கே ஏற்கெனவே இருக்கும். முதன்மைக் கோப்பில் எத்தனை முறை திருத்தினாலும் பலன் தெரியாததற்கு அதுவே காரணம்.

மீண்டும் 2022க்கு வருகிறேன். அந்த வழுவில் இன்னும் ஒரு படி பின்னால் செல்ல வேண்டும். எழுதும் நிரலும் படிக்கும் நிரலும் வெவ்வேறு பதிப்புகளாக இருக்கக்கூடும் என்பதை கிரப்பை உருவாக்கியவர்கள் அறியாதவர்கள் அல்லர். எந்தக் கிரப்.சிஎஃப்ஜியைத் திறந்தாலும் தொடக்கத்திலேயே ஃபீச்சர் என்று ஆரம்பிக்கும் மாறிகளைக் காணலாம். மெனுத் தேர்வுகளுக்கு அடையாளப் பெயர் வைக்கும் வசதி படிக்கும் நிரலில் உண்டா என்று ஒரு மாறியைக் கேட்டு, ஒய் என்ற மதிப்பு இருந்தால் மட்டும் அந்த வசதியைப் பயன்படுத்தும் நிபந்தனை அங்கே எழுதப்பட்டிருக்கும். வசதியை அறிந்த கிரப் அந்த மாறியைத் தானே நிரப்பிவைக்கும். அறியாத பழைய கிரப்பில் அது வெற்றாக இருக்கும். வெற்று மதிப்பு எந்தத் தீங்கும் செய்யாது, நிபந்தனை பொய்யாகி அடுத்த வரிக்கு நகர்ந்துவிடும். பழைய நிரலிடம் புதிய வசதியைப் பற்றிக் கேட்பதற்கு இதுவே பாதுகாப்பான வழி. காத்திருப்பு முறைக்கும், தேடல் குறிப்புகளுக்கும், எழுத்துரு இருக்கும் பாதைக்கும் இந்த வழியையே கையாண்டிருக்கிறார்கள்.

எஃப்டபிள்யூசெட்டப் விஷயத்தில் மட்டும், கேள்வியைக் கட்டளையின் வழியாகவே கேட்டார்கள். அதுவும், தவறாகப் புரிந்துகொண்டால் கணினியையே மறுதுவக்கம் செய்துவிடும் கட்டளை. முன்னால் ஒரு ஃபீச்சர் மாறியைச் சோதித்திருந்தால் பழைய கிரப் அந்த வரிகளைத் தாண்டிச் சென்றிருக்கும். பயனர் இழந்திருப்பது மெனுவில் ஒரு தேர்வு மட்டுமே. கிரப்-இன்ஸ்டாலை இயக்காத பயனர்களின் அலட்சியம் என்று இந்த வழுவை முடித்துவிடுவதை நான் ஏற்கவில்லை. டெபியனைப் போல நிறுவலைத் தானியக்கமாக்கினால் பதிவகத்தின் பழைய விடை காலை வாரும். ஆர்ச்சைப் போலப் பயனரிடம் விட்டால் மறதி காலை வாரும். இரண்டு வழியிலும் பதிப்புகள் விலகும் கணினிகள் இருந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், உருவாக்கும் ஸ்கிரிப்ட்கள் அந்த விலகலைத் தாங்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இத்தகைய வழுவைப் புகாராக எழுதுபவர் நிறுவப்பட்ட கிரப் தொகுப்பின் பதிப்பை மட்டும் குறித்தால் பாதித் தகவல்தான் போய்ச் சேரும். கிரப்-இன்ஸ்டாலிடம் பதிப்பு கேட்டால் வரும் விடை, எழுதும் பக்கத்து நிரலின் பதிப்பு. வட்டில் உறைந்திருப்பதன் பதிப்பைத் துவக்கத்தின்போது மெனுவின் அல்லது கட்டளை வரியின் தலைப்பில் கிரப் காட்டும் எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இரண்டு எண்களையும், இஎஃப்ஐ கோப்பின் தேதியையும், கிரப்.சிஎஃப்ஜியின் தேதியையும் புகாரின் முதல் வரிகளிலேயே கொடுத்துவிட்டால், அதைப் படிக்கும் பராமரிப்பாளர் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னரே தேடலைப் பாதிக்கு மேல் குறைத்துவிட முடியும்.